யெல்லோஸ்டோன்: போய்ப் பார்த்தவர்களும் நின்று காத்தவர்களும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோடை வந்தால் எங்கள் வீட்டுக்கு ஊரிலிருந்து யாராவது வருவார்கள். அவர்களை யெல்லோஸ்டோனுக்குக் கூட்டிப்போவது வழக்கமாகிவிட்டது. போகும்போது பத்து மணி நேரம், வரும்போது பத்து மணி நேரம், வழியெல்லாம் கேள்விகள். அப்பா கேட்டதையே அடுத்த வருஷம் அத்தை கேட்டார். அதையே தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளும் கேட்டார்கள். எங்கே தங்குவது, எதைப் பார்ப்பது என்பதற்கெல்லாம் நிறைய இடத்தில் பதில் கிடைக்கும். இந்தக் காட்டுக்குள் முதலில் யார் போனார்கள், இது எப்படிப் பூங்கா ஆனது, யார் காப்பாற்றினார்கள் என்ற கேள்விகளுக்குத்தான் தமிழில் பதில் தேடவேண்டியிருக்கிறது. அதனால் அவற்றை மட்டும், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

யெல்லோஸ்டோன்னா என்ன, ஊரா, மலையா, காடா?

எல்லாம் சேர்ந்தது. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் பெரும்பகுதியும், மொன்டானாவிலும் ஐடஹோவிலும் கொஞ்சமும் இருக்கும் ஒரு தேசியப் பூங்கா. பரப்பு சுமார் 9,000 சதுர கிலோமீட்டர். பூங்கா என்றதும் புல்வெளியும் ஊஞ்சலும் நினைவுக்கு வந்தால் அதை மறந்துவிடுங்கள். காடு, ஆறு, பெரிய ஏரி, பள்ளத்தாக்கு எல்லாம் உள்ளே இருக்கின்றன. இவற்றுக்கு அடியில் இன்னும் சூடு தணியாத எரிமலை.

அந்தச் சூட்டால் நிலத்தடி நீர் கொதித்து மேலே வருகிறது. கொதிக்கும் குளம், சேற்றுக் குழி, ஆவித் துளை என்று பத்தாயிரத்துக்கும் மேல் உண்டு. அவ்வப்போது நீரைப் பீச்சியடிக்கும் ஊற்றுகளைக் கீசர் என்கிறார்கள். உலகத்தில் உள்ள கீசர்களில் ஏறக்குறைய பாதி இங்கேதான். குளியலறையில் இருக்கும் கீசருக்கும் இதே பெயர்தான், ஐஸ்லாந்தில் உள்ள ஓர் ஊற்றின் பெயரிலிருந்து வந்தது.

"மஞ்சள் கல்"னு ஏன் பேர்? அந்தப் பள்ளத்தாக்கு மஞ்சளா இருக்கிறதாலயா?

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். பள்ளத்தாக்கின் பாறைகளும் மஞ்சளாகத்தான் இருக்கின்றன. ஆனால் பெயர் முதலில் ஆற்றுக்கு வந்தது. ஆற்றின் கீழ்ப்பகுதியில் வாழ்ந்த ஹிடாட்சா மக்கள் அதை மஞ்சள் பாறை ஆறு என்ற பொருளில் அழைத்தார்கள். பிரெஞ்சுத் தோல் வியாபாரிகள் அதைத் தங்கள் மொழிக்கு மாற்றினார்கள், பிறகு ஆங்கிலத்துக்குப் போனது. அந்த மக்கள் சொன்னது பெரும்பாலும் ஆற்றோரம் பல நூறு கிலோமீட்டர் கீழே இருக்கும் மஞ்சள் மேட்டுப் பாறைகளைத்தான்.

இதை முதல்ல கண்டுபிடிச்சது யாரு?

யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஏனென்றால் யாருக்கும் தெரியாத இடமாக அது இருந்ததே இல்லை. சுமார் 11,000 ஆண்டுகளாக மனிதர்கள் இங்கே வந்து போயிருக்கிறார்கள், வாழ்ந்திருக்கிறார்கள். பூங்காவின் வடபகுதியில் அப்சிடியன் கிளிஃப் என்றொரு கரும்பாறை இருக்கிறது. எரிமலைக் குழம்பு சட்டென்று குளிர்ந்து கண்ணாடியான பாறை. உடைத்தால் கத்தி போன்ற விளிம்பு கிடைக்கும். இங்கிருந்து எடுத்த கல்லில் செய்த கருவிகள் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், ஒஹையோவில் பழைய புதைமேடுகளில் கிடைத்திருக்கின்றன. கைமாறிக் கைமாறி அவ்வளவு தூரம் போயிருக்கிறது.

ஷோஷோனி மக்களில் ஒரு பிரிவினரான டுகுடிகாக்கள் இந்த மலைகளிலேயே வாழ்ந்தார்கள். காட்டுச் செம்மறியாடுதான் அவர்களின் முக்கிய உணவு. குதிரை கிடையாது, நாய்கள்தான் சுமை இழுத்தன. ஆட்டுக் கொம்பை வெந்நீர் ஊற்றில் இளக்கி, நிமிர்த்தி, வில் செய்தார்கள். அந்த வில்லுக்கு அக்கம்பக்கத்து மக்களிடம் நல்ல விலை இருந்தது. இன்று 27 பூர்வகுடி இனங்களுக்கு இந்த நிலத்தோடு உறவு இருப்பதாகப் பூங்கா நிர்வாகமே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

சரி, வெள்ளைக்காரங்கள்ல யாரு முதல்ல உள்ள போனது?

ஜான் கோல்ட்டர் என்பதுதான் வழக்கமான பதில். பசிபிக் கரைவரை போன லூயிஸ், கிளார்க் குழுவில் இருந்தவர். 1806-ல் குழு ஊர் திரும்பிக்கொண்டிருந்தபோது, அனுமதி வாங்கிக்கொண்டு பீவர் என்ற நீர்வாழ் விலங்கின் தோலுக்காக மறுபடி மலைப்பக்கம் திரும்பிவிட்டார். 1807-08 குளிர்காலத்தில் பனியில் தனியாக நூற்றுக்கணக்கான மைல் நடந்தார். அப்போது இந்தப் பகுதியைக் கடந்ததாகக் கருதுகிறார்கள். அவர் எதையும் எழுதிவைக்கவில்லை. 1814-ல் வெளியான கிளார்க்கின் வரைபடத்தில் அவர் போன பாதை ஒரு கோடாக இருக்கிறது, அதன் அருகே கந்தக வெந்நீர் ஊற்று என்ற குறிப்பு. அவ்வளவுதான் சாட்சி.

"கோல்ட்டரின் நரகம்" என்று யெல்லோஸ்டோனைச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பெயர் உண்மையில் பூங்காவுக்கு வெளியே, இன்றைய கோடி (Cody) என்ற நகரத்துக்குப் பக்கத்தில் இருந்த ஊற்றுகளுக்கு வைத்தது.

பார்த்தவங்க வந்து சொல்லியும் அறுபது வருஷம் யாருமே நம்பலையாமே?

சொன்ன விஷயம் அப்படி. தரையிலிருந்து கொதிநீர் பனைமர உயரத்துக்கு எழும்புகிறது என்றால் யார் நம்புவார்கள்? டேனியல் பாட்ஸ் என்ற வேட்டைக்காரர் வீட்டுக்கு எழுதிய கடிதம் 1827-ல் ஃபிலடெல்ஃபியா செய்தித்தாளில் வந்தது. யெல்லோஸ்டோனைப் பற்றி அச்சில் வந்த முதல் வர்ணனை அதுதான். படித்தவர்கள் மறந்துவிட்டார்கள். அப்புறம் ஜிம் பிரிட்ஜர். மலையைக் கரைத்துக் குடித்த வழிகாட்டி, ஆனால் கதை கட்டுவதிலும் கெட்டிக்காரர். கல்லான மரத்தில் கல்லான பறவை உட்கார்ந்து பாடியது என்பார். அவர் சொன்ன கல்மரங்கள் உண்மை, இன்றும் பார்க்கலாம். பறவையைச் சேர்த்துச் சொன்னதால் மரமும் பொய்யாகிவிட்டது.

1860-ல் ராணுவக் குழு ஒன்று பிரிட்ஜரையே வழிகாட்டியாக வைத்துக்கொண்டு வந்தது. கணவாயில் பனி மூடியிருந்ததால் உள்ளே நுழைய முடியவில்லை. 1869-ல் ஃபோல்சம், குக், பீட்டர்சன் என்ற மூன்று பேர் சொந்தச் செலவில் 36 நாள் சுற்றிவந்து கட்டுரை எழுதினார்கள். கிழக்கே இருந்த பத்திரிகைகள், நம்பத் தகுந்ததாக இல்லை என்று திருப்பி அனுப்பின. கடைசியில் சிகாகோ பத்திரிகை ஒன்று அதைச் சுருக்கி வெளியிட்டது.

அப்புறம் 1870-ல போன குழு மட்டும் எப்படி நம்ப வெச்சது?

ஆட்களின் அந்தஸ்து ஒரு காரணம். மொன்டானா பிரதேசத்தின் தலைமை நில அளவையாளர் ஹென்றி வாஷ்பர்ன் தலைவர். நத்தேனியல் லேங்ஃபோர்டு போன்ற ஊர்ப் பெரியவர்கள் கூட இருந்தார்கள். காவலுக்கு லெஃப்டினன்ட் கஸ்டவஸ் டோன் தலைமையில் சில வீரர்கள். இவர்களைப் பொய்யர்கள் என்று சொல்லிவிட முடியாது. டோன் எழுதிய அறிக்கை அரசாங்க ஆவணமாகவே வந்தது. நேரம் தவறாமல் பீச்சுவதால் ஒரு கீசருக்கு "ஓல்டு ஃபெய்த்ஃபுல்" என்று பெயர் வைத்ததும் இவர்கள்தான்.

இன்னொரு காரணம், தொலைந்துபோன ஒருவர். குழுவில் ட்ரூமன் எவெர்ட்ஸ் என்று 54 வயதுக்காரர், கிட்டப்பார்வை உள்ளவர். அடர்ந்த காட்டில் மற்றவர்களிடமிருந்து பிரிந்தார். மறுநாள் குதிரையை விட்டு இறங்கிய நேரத்தில் அது மிரண்டு ஓடிவிட்டது. துப்பாக்கி, போர்வை, தீப்பெட்டி எல்லாம் அதன் முதுகில். கையில் மிஞ்சியது நாடகம் பார்க்கப் பயன்படும் ஒரு சின்னத் தொலைநோக்கி. அதன் கண்ணாடியில் வெயிலைக் குவித்து நெருப்பு மூட்டக் கற்றுக்கொண்டார். முட்செடி ஒன்றின் வேரைத் தோண்டி, வெந்நீர் ஊற்றிலேயே வேகவைத்துத் தின்றார். குளிருக்கு ஊற்றோரம் படுத்தபோது தரை உடைந்து ஆவி பட்டு இடுப்பு வெந்தது. 37-வது நாள், தேடி வந்த இருவர் அவரைத் தவழும் நிலையில் கண்டார்கள். அவர் பிழைத்த கதை 1871-ல் பத்திரிகையில் வந்ததும் நாடே யெல்லோஸ்டோன் என்ற பெயரைச் சொன்னது. அந்த முட்செடியை இன்றும் எவெர்ட்ஸ் முட்செடி என்கிறார்கள். போன முறை பாதையோரம் அதைப் பார்த்தபோது அத்தை குனிந்து வெகுநேரம் நின்றார். "இதைத் தின்னா முப்பத்தேழு நாள் இருந்தான்?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் குழு ஒருநாள் ராத்திரி நெருப்பைச் சுத்தி உட்கார்ந்து, "இதை நாம எடுத்துக்க வேண்டாம், மக்களுக்கே விட்டுடுவோம்"னு முடிவெடுத்தாங்களாமே? உண்மையா?

அழகான கதை. 1870 செப்டம்பர் 19, மேடிசன் ஆறு தொடங்கும் இடம். நிலத்தை ஆளுக்கு ஒரு பங்காக எடுத்துக்கொள்ளலாம் என்று சிலர் பேச, கார்னீலியஸ் ஹெட்ஜஸ் என்ற வழக்கறிஞர் எழுந்து, இது நாட்டுக்கே உரிய பூங்காவாக இருக்கட்டும் என்றாராம். பல பத்தாண்டுகள் பூங்கா நிர்வாகமே இதைச் சொல்லிவந்தது, நாடகமாகவும் நடித்துக் காட்டியது.

ஆனால் இது நமக்குக் கிடைப்பது 1905-ல் லேங்ஃபோர்டு வெளியிட்ட நூலிலிருந்து, அதாவது 35 வருஷம் கழித்து. அந்தப் பயணத்தில் பலர் அன்றாடம் குறிப்பு எழுதினார்கள். அப்போது எழுதியவற்றில் இந்தப் பேச்சு இல்லை. அதனால் வரலாற்றாசிரியர்கள் இதை அப்படியே ஏற்பதில்லை. என்னோடு வருகிறவர்களுக்கு இதைச் சொன்னால் முகம் வாடிவிடும். எனக்கு இதில் வருத்தமில்லை. ஒரே இரவில் நல்லவர்கள் சிலர் முடிவெடுத்துக் காடு பிழைத்தது என்று நம்பினால், அதன்பின் இருபது முப்பது வருஷம் பாடுபட்டவர்களை நாம் மறந்துவிடுவோம்.

அப்போ பூங்கா யோசனைக்கு நிஜமான காரணம் யாரு? ஒரு ஓவியத்தைப் பார்த்துத்தான் சட்டம் போட்டாங்கன்னு சொல்றாங்களே?

பாதி சரி. 1871-ல் நாடாளுமன்றம் 40,000 டாலர் ஒதுக்கி, ஃபெர்டினண்ட் ஹேடன் என்ற நிலவியலாளரை அனுப்பியது. அவர் வில்லியம் ஹென்றி ஜாக்சன் என்ற புகைப்படக்காரரையும், தாமஸ் மோரன் என்ற ஓவியரையும் சேர்த்துக்கொண்டார். மோரன் அதுவரை குதிரையே ஏறியதில்லை. எலும்பும் தோலுமான உடம்பு, சேணத்தின்மேல் தலையணை போட்டுத்தான் உட்கார்ந்தார். ஜாக்சனுக்கு வேறு சிரமம். அந்தக் காலத்தில் கண்ணாடித் தகட்டில் ஈர மருந்து பூசி, அது காயும் முன்னே படம் எடுத்து, அங்கேயே கழுவ வேண்டும். அத்தனை கண்ணாடியையும் கோவேறு கழுதைமேல் ஏற்றி மலை ஏறினார்கள்.

அந்தப் புகைப்படங்களும் மோரனின் நீர்வண்ணப் படங்களும் வாஷிங்டனில் உறுப்பினர்களுக்குக் காட்டப்பட்டன. அறுபது வருஷம் நம்ப மறுத்தவர்களுக்கு அதற்குமேல் வாதம் இல்லை. மோரனின் புகழ்பெற்ற பெரிய பள்ளத்தாக்கு ஓவியமோ சட்டம் கையெழுத்தான பிறகுதான் முடிந்தது. அதை நாடாளுமன்றம் 10,000 டாலருக்கு வாங்கியது. ஆகவே சட்டத்துக்கு உதவியது சின்னப் படங்கள்தான்.

இதுல ரயில் கம்பெனிக்கு லாபம் இருந்துச்சாமே?

இருந்தது. நார்தர்ன் பசிபிக் ரயில்பாதைக்குப் பணம் திரட்டிய ஜே குக், யெல்லோஸ்டோன் பிரபலமானால் பயணிகள் வருவார்கள் என்று கணக்குப் போட்டார். லேங்ஃபோர்டு ஊர் ஊராகப் போய்ப் பேசியதற்குப் பின்னால் அவர் பணம் இருந்தது. மோரனின் பயணத்துக்கும் கொடுத்தார். ஊற்றுகள் உள்ள பகுதியை நிரந்தரப் பூங்காவாக ஒதுக்கச் சொல்லி ஹேடனுக்கு 1871 அக்டோபரில் கடிதம் போனதும் அவர் அலுவலகத்திலிருந்துதான். இதைச் சொல்வதால் பூங்காவின் மதிப்பு எனக்குக் குறையவில்லை. காட்டைத் தனித்தனியாகப் பிடித்து வேலி போட்டுக் காசு பார்க்க நினைத்தவர்களும் அப்போது இருந்தார்கள். நாட்டுக்கே பொதுவாக இருக்கட்டும் என்பது அந்தப் போட்டியில் ஜெயித்தது, அதுதான் பெரிது.

நாடாளுமன்றத்துல யாரும் எதிர்க்கலையா?

எதிர்த்தார்கள். கலிஃபோர்னியாவின் செனட்டர் கோல், குடியேற வருகிறவர்களை ஏன் தடுக்க வேண்டும், ஊற்றுகள் எப்படியும் அங்கேயேதான் இருக்கும் என்றார். கீழவையில் ஆதரவு 115, எதிர்ப்பு 65. 1872 மார்ச் 1-ல் குடியரசுத் தலைவர் கிராண்ட் கையெழுத்திட்டார்.

ஜெயித்ததற்குக் காரணம், அந்த நிலம் எதற்கும் உதவாது என்ற வாதம்தான். இரண்டாயிரம் மீட்டர் உயரம், கோடையிலும் உறைபனி, விவசாயம் நடக்காது, சுரங்கத்துக்கும் பெரிதாக எதுவும் இல்லை என்று ஹேடன் எழுதிக்கொடுத்தார். அரசுக்கு ஒரு பைசா செலவில்லை என்றும் சொல்லப்பட்டது. இந்தச் செலவில்லை என்ற சொல்லை நினைவில் வையுங்கள், கீழே அதன் விளைவு வருகிறது. அப்புறம், 1864-ல் யோசெமிட்டியைக் காக்க நினைத்தபோது அதைக் கலிஃபோர்னியா மாநிலத்திடம் கொடுத்தார்கள். யெல்லோஸ்டோன் இருந்த இடத்தில் அப்போது மாநிலமே உருவாகவில்லை, வெறும் பிரதேசங்கள்தான். கொடுக்க ஆள் இல்லாததால் நடுவண் அரசே வைத்துக்கொண்டது. தேசியப் பூங்கா என்ற அமைப்பு பிறந்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

டெடி ரூஸ்வெல்ட்தானே இதை உண்டாக்கினது? நுழைவாயில்ல அவர் பேருல வளைவே இருக்கே?

சட்டம் வந்தபோது அவருக்கு 13 வயது. 1903-ல் குடியரசுத் தலைவராக இருந்தபோது அந்த வளைவுக்கு அடிக்கல் நாட்டினார், அதனால் அவர் பெயர். "மக்களின் நன்மைக்காகவும் மகிழ்ச்சிக்காகவும்" என்று அதில் செதுக்கியிருப்பது 1872 சட்டத்தின் வாசகம்.

சட்டம் வந்ததும் காடு தப்பிச்சிருச்சு, இல்லையா?

இல்லை. இந்தப் பக்கத்தை நான் எழுதியதே முக்கியமாக இந்தக் கேள்விக்காகத்தான். சட்டத்தில் பூங்கா இருந்தது, காவலர் இல்லை. தவறு செய்தவருக்குத் தண்டனை என்ன என்றே எழுதவில்லை. முதல் கண்காணிப்பாளராக லேங்ஃபோர்டை நியமித்தார்கள், சம்பளம் கிடையாது. அவர் பெயரின் முதலெழுத்துகள் என், பி. அதை வைத்து "நேஷனல் பார்க்" லேங்ஃபோர்டு என்றே அவரை அழைத்தார்கள். ஐந்து வருஷத்தில் பூங்காவுக்கு அவர் சில முறைதான் வந்தார்.

அந்த வருஷங்களில் தோலுக்காக ஆயிரக்கணக்கில் எல்க் மான்களைக் கொன்றார்கள், உடலை அங்கேயே அழுகவிட்டார்கள். வந்தவர்கள் கோடாரியால் ஊற்றுகளின் விளிம்பைக் கொத்தி எடுத்துப் போனார்கள். 1877-ல் வந்த ஒரு குழு ஓல்டு ஃபெய்த்ஃபுல் வாய்க்குள் அழுக்குத் துணியைப் போட்டுத் துவைத்துப் பார்த்தது, பிறகு கட்டைகளையும் கற்களையும் கொட்டியது. அடுத்த கண்காணிப்பாளர் ஃபிலடஸ் நாரிஸ் காலத்தில்தான், 1878-ல், முதல்முறையாக 10,000 டாலர் வந்தது. அவர் மனம்வைத்து உழைத்தார், சாலைகள் போட்டார். அந்த அப்சிடியன் பாறை அருகே சாலை போடக் கண்ணாடிக் கற்களின்மேல் நெருப்பு மூட்டி, சூட்டோடு குளிர்நீர் ஊற்றி வெடிக்கவைத்ததாக அவரே எழுதியிருக்கிறார்.

காட்டைக் காக்க ராணுவம் எதுக்கு வந்துச்சு?

1886-ல் நாடாளுமன்றம் பூங்காவுக்குப் பணம் தருவதையே நிறுத்திவிட்டது. வேறு வழியில்லாமல் உள்துறை ராணுவத்தைக் கூப்பிட்டது. கேப்டன் மோசஸ் ஹாரிஸ் ஒரு குதிரைப்படைப் பிரிவோடு அந்த ஆகஸ்டில் வந்தார். தற்காலிக ஏற்பாடு என்று நினைத்தது 32 வருஷம் நீடித்தது. மாமத் ஊற்றுகள் பக்கத்தில் இன்று பூங்கா அலுவலகங்கள் இருக்கும் கல் கட்டடங்கள் அவர்கள் கட்டிய கோட்டைதான்.

வீரர்கள் ஊற்றுகளுக்கு அருகில் காவல் நின்றார்கள், குளிர்காலத்தில் பனிச்சறுக்குக் கட்டைகளில் ரோந்து போனார்கள். ஊற்றோரப் பாறையில் பெயர் செதுக்கியவரைப் பிடித்தால், திரும்பக் கூட்டிவந்து அவர் கையாலேயே தேய்த்து அழிக்கவைத்தார்கள். அவர்களிடம் இருந்த கடுமையான ஆயுதம் அதுவும், பூங்காவை விட்டு வெளியேற்றுவதும் மட்டுமே.

ஒரு திருடனாலதான் உருப்படியான சட்டமே வந்துச்சாமே, அது என்ன கதை?

எட்கர் ஹவல். 1894 மார்ச் 13. அப்போது அமெரிக்காவில் காட்டுப் பைசன்கள் (திமில் உள்ள பெரிய காட்டு மாடுகள்) ஏறக்குறைய தீர்ந்துபோய், யெல்லோஸ்டோன் மூலையில் ஒரு சின்னக் கூட்டம் மிஞ்சியிருந்தது. அலங்காரத்துக்குச் சுவரில் மாட்டும் பைசன் தலை ஒன்றுக்குச் சந்தையில் நூற்றுக்கணக்கான டாலர் விலை. ஃபீலிக்ஸ் பர்ஜஸ் என்ற ராணுவச் சாரணர் பெலிக்கன் பள்ளத்தாக்கில் பனியில் ஒரு தடத்தைப் பார்த்தார். மரத்தில் தொங்கவிட்ட பைசன் தலைகளைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் துப்பாக்கிச் சத்தம். திறந்த வெளியில் ஹவல் குனிந்து ஒரு பைசனின் தோலை உரித்துக்கொண்டிருந்தார், பக்கத்தில் அவர் நாய். பர்ஜஸிடம் கைத்துப்பாக்கி மட்டும், ஹவலிடம் ரைஃபிள். இடையில் மறைவே இல்லாத நானூறு கஜம். காற்று பர்ஜஸின் பக்கமாக வீசியதால் நாய்க்கு வாடை எட்டவில்லை. சில அடி தூரத்துக்கு வந்து குரல் கொடுத்தபோதுதான் ஹவல் நிமிர்ந்தார்.

பிடிபட்டவர் கவலைப்படவே இல்லை. தான் இழக்கப்போவது 26 டாலர் 75 சென்ட் பெறுமான சாமான், கிடைக்கவிருந்ததோ 2,000 டாலர் என்று கணக்குச் சொன்னார். சட்டப்படி அவர் சொன்னது சரி. தற்செயலாக எமர்சன் ஹஃப் என்ற பத்திரிகையாளர் அப்போது பூங்காவில் இருந்தார், செய்தி உடனே கிழக்கே போனது. ஜார்ஜ் பேர்ட் கிரின்னெல் தன் பத்திரிகையில் விடாமல் எழுதினார். பல வருஷம் இழுத்துக்கொண்டிருந்த சட்டம் மே 7-ல் கையெழுத்தாகிவிட்டது. ஆயிரம் டாலர் வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை. அதைக் கொண்டுவந்த ஜான் லேசியின் பெயரால் லேசி சட்டம் என்பார்கள்.

அந்தப் பைசன்கள் தப்பிச்சதா?

மயிரிழையில். 1902 வாக்கில் பூங்காவில் மிஞ்சிய காட்டுப் பைசன்கள் இரண்டு டஜன்கூட இல்லை. தனியார் மந்தைகளிலிருந்து 21 வாங்கிவந்து, லமார் பள்ளத்தாக்கில் பண்ணை வைத்து, புல் வெட்டிப் போட்டு வளர்த்தார்கள். இன்று பூங்காவில் இருப்பவை ஆயிரக்கணக்கில். சாலையை மறித்து நிற்கும்போது ஹாரன் அடிக்காதீர்கள், இறங்கிப் பக்கத்தில் போகவும் வேண்டாம்.

1916-ல தேசியப் பூங்காத் துறை வந்தப்புறம் தப்பே நடக்கலையா?

நடந்தது. சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. மானையும் பைசனையும் காக்கிறோம் என்று நினைத்து அரசாங்க ஆட்களே ஓநாய்களைக் கொன்றார்கள். 1926-ல் கடைசி ஓநாய்களும் போயின. பிறகு எல்க் மான்கள் பெருகி, ஆற்றோரச் செடிகளை மொட்டையடித்தன. 1995-லும் 1996-லும் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். குப்பைமேட்டில் கரடிகள் தின்பதைப் பார்க்க மக்களுக்கு இருக்கை வரிசை போட்டதும் இதே நிர்வாகம்தான். பெரிய குப்பைமேடுகள் 1970-ல்தான் மூடப்பட்டன.

வந்தவர்கள் செய்ததும் குறைவில்லை. மார்னிங் க்ளோரி என்ற குளம், அந்தப் பெயருள்ள பூவைப் போல நீல நிறமாக இருந்தது. காசு போட்டு வேண்டிக்கொள்வது பலருக்குப் பழக்கம். 1950-ல் உள்ளே இருந்ததை வெளியே எடுத்தபோது 86 டாலருக்கு ஒரு சென்ட் காசுகளாகவே கிடைத்தன, கூடவே 76 கைக்குட்டைகள். துவாரம் அடைபட்டுச் சூடு குறைய, ஓரத்தில் மஞ்சள் நுண்ணுயிர்கள் படர்ந்து நிறம் மாறிவிட்டது. இன்று மஞ்சள் வளையத்துக்கு நடுவில் பச்சையாகத் தெரிகிறது. அழகாகத்தான் இருக்கிறது, அது காயத்தின் நிறம் என்று தெரியாதவரை.

அங்க ஏற்கெனவே வாழ்ந்த பூர்வகுடிகள் என்ன ஆனாங்க? பூங்காவுக்காகத் துரத்தினாங்களா?

வெளியேற்றப்பட்டார்கள். 1851 ஒப்பந்தப்படி யெல்லோஸ்டோன் ஆற்றுக்குக் கிழக்கே இருந்த நிலம் க்ரோ மக்களுடையது என்று அமெரிக்க அரசே எழுதிக்கொடுத்திருந்தது. அது பிறகு பறிபோனது. மேலே சொன்ன டுகுடிகாக்களை 1879-க்குள் விண்ட் ரிவர், ஃபோர்ட் ஹால் ஒதுக்கிடங்களுக்கு அனுப்பிவிட்டார்கள். 1877-ல் நெஸ் பெர்ஸ் மக்கள் சுமார் 800 பேர், குழந்தைகளோடும் முதியவர்களோடும், ராணுவம் துரத்த இந்தப் பூங்கா வழியாகத்தான் ஓடினார்கள். வழியில் பயணிகள் சிலரைப் பிடித்தார்கள், இருவர் கொல்லப்பட்டார்கள். அவர்கள் கனடா எல்லைக்கு அறுபது, எழுபது கிலோமீட்டர் இருக்கும்போது மடக்கப்பட்டார்கள்.

இதற்குப் பிறகுதான், இந்த மக்கள் கீசர்களைப் பேய் என்று பயந்து இந்தப் பக்கமே வருவதில்லை என்ற கதை பரப்பப்பட்டது. பயணிகள் பயப்படக் கூடாதே என்று நாரிஸும் அதைச் சொன்னார். ஊற்றில் கொம்பை இளக்கி வில் செய்தவர்களைப் பற்றிச் சொன்ன கதை இது. காட்டைக் காத்ததைப் பாராட்டும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். சமீபத்தில் சில நல்ல மாற்றங்கள் உண்டு. 2019 முதல் பூங்காவின் பைசன்களில் சில கொன்றுவிடப்படாமல் உயிரோடு பூர்வகுடி நிலங்களுக்கு அனுப்பப்படுகின்றன.

ஒரு மலையோட பேரை மாத்திட்டாங்களாமே, ஏன்?

1870 குழுவின் காவல் அதிகாரி டோன் பற்றி மேலே சொன்னேன். அவர் பெயரில் மவுண்ட் டோன் என்றொரு சிகரம் இருந்தது. அதே 1870 ஜனவரியில் மரையாஸ் ஆற்றோரம் பீகன் பிளாக்ஃபீட் மக்களின் குடியிருப்பை ராணுவம் தாக்கி, குறைந்தது 173 பேரைக் கொன்றது. பெண்களும் முதியவர்களும் குழந்தைகளும் நிறைய. அதில் டோன் முன்னின்றார், பிற்காலத்தில் அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொண்டார். 2022-ல் சிகரத்துக்கு "முதல் மக்கள் மலை" என்று பெயர் மாற்றினார்கள். நல்ல அறிக்கை எழுதிய கையும் அதுதான், சுட்ட கையும் அதுதான்.

1988-ல மூணுல ஒரு பங்கு எரிஞ்சப்போ அணைக்காம விட்டாங்களாமே?

இடி விழுந்து பற்றும் தீ இயற்கைதான் என்று 1972 முதல் சிலவற்றை எரியவிடும் கொள்கை இருந்தது. 1988 கோடை வரலாறு காணாத வறட்சி. ஜூலையில் எல்லாத் தீயையும் அணைக்க முடிவெடுத்தார்கள், ஆயிரக்கணக்கானவர்கள் போராடியும் முடியவில்லை. செப்டம்பரில் விழுந்த பனிதான் அடக்கியது. லாட்ஜ்போல் பைன் மரத்தின் கூம்புகளில் பல, பிசின் பூசி மூடியே கிடக்கும், தீயின் சூட்டில்தான் திறந்து விதையைச் சிந்தும். அப்போது முளைத்த மரங்கள் இன்று சாலையின் இருபுறமும் ஒரே உயரத்தில் நெருக்கமாக நிற்கின்றன.

எங்களுக்கு ஒரே நாள்தான் இருக்கு. இந்தக் கதையெல்லாம் நடந்த இடம் எதையாவது காட்டுங்களேன்?

காலையில் மாமத்தில் ராணுவக் கட்டடங்களைச் சுற்றி நடங்கள். அங்கிருந்து கிழக்கே லமார் பள்ளத்தாக்குக்குப் போனால் பழைய பைசன் பண்ணையின் மரவீடுகள் சாலையோரம் நிற்கின்றன, எதிரே வெளியில் பைசன்கள் மேய்ந்துகொண்டிருக்கும். நேரம் இருந்தால் மாலையில் மேடிசன் சந்திப்பில் ஆற்றோரம் கொஞ்சம் உட்காருங்கள்.

மாமத்திலிருந்து தெற்கே மேடிசனுக்குப் போகும் வழியில் அப்சிடியன் பாறைக்கு எதிரே வண்டியை நிறுத்த இடம் உண்டு. பாறைமேல் ஏற அனுமதி இல்லை, ஒரு சில்லுகூட எடுக்கக் கூடாது. சாலையிலிருந்தே பார்க்கலாம். சாய்ந்த வெயில் பட்டால் கல் ஈரமாக இருப்பதுபோலக் கறுத்து மின்னும்.